ஒரு மாவட்டத்துக்குச் சூரிய சக்திப் பாசனம் பொருந்துமா? கணிக்கும் வழி

“இங்கே ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்துகிறது, சோலார் பம்பு போட்டால் பாசனக் கவலை தீர்ந்தது” என்று ஒரு தரப்பு பேசுகிறது. “நாலு நாள் மேகம் மூடினால் பயிர் கருகிவிடும், அதை நம்ப முடியாது” என்று இன்னொரு தரப்பு பேசுகிறது. இரு தரப்பும் வானத்தைப் பார்த்தபடியே வாதாடுகின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதைப் பார்க்காமல் சொல்லப்படும் ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ இரண்டுமே ஊகம்தான்.

‘பொருத்தம்’ என்ற சொல்லே இங்கே மிகத் தளர்வாகப் புழங்குகிறது. பம்பு ஓடுமா என்பது ஒரு கேள்வி. ஓடும் பம்பு, பயிர் கேட்கும் தண்ணீரை அது கேட்கும் நாளில் கொடுக்குமா என்பது இரண்டாவது கேள்வி. அப்படிக் கொடுத்துக்கொண்டே பல ஆண்டுகள் நிலைக்குமா என்பது மூன்றாவது கேள்வி. விவசாயம் நடக்கும் பெரும்பாலான இடங்களில் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் எளிதாகக் கிடைத்துவிடும். அந்த ஒரு பதிலையே மற்ற இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பொறியியலோ நிலநீரியலோ படிக்காதவரும் இந்த மூன்று கேள்விகளையும் தாமே எழுப்பிப் பார்க்க உதவ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாளியும் கயிறும்

கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலாக நிற்கும்போது சிறுவன்கூடப் பத்து வாளி இறைத்துவிடுவான். அதே தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால், பெரியவருக்கும் நான்காவது வாளியில் தோள் கடுக்கும். வாளி மாறவில்லை, கயிற்றின் நீளம்தான் மாறியது. இறைப்பதற்குத் தேவையான உழைப்பு என்பது தண்ணீரின் எடையையும் அது ஏற வேண்டிய உயரத்தையும் பெருக்கினால் வருவது. மனிதத் தோளுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு மோட்டாருக்கும் அப்படியே பொருந்தும்.

எண்ணில் சொல்வதானால், ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, எந்த இழப்பும் இல்லாவிட்டால் 3,67,000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். 50 மீட்டர் தூக்க வேண்டுமென்றால் அதே யூனிட் சுமார் 7,300 லிட்டரோடு நின்றுவிடும். நடைமுறையில் மோட்டாரும் பம்பும் தமக்குக் கிடைக்கும் ஆற்றலில் பாதியையோ அதற்கு மேலுமோ வெப்பமாகவும் உராய்வாகவும் இழப்பதால், வயலுக்கு வந்து சேருவது 3,000 முதல் 3,600 லிட்டர் வரைதான்.

தண்ணீர் ஏற வேண்டிய மொத்த உயரத்தைப் பம்பு மெக்கானிக்குகள் ‘ஹெட்’ என்பார்கள். கிணற்றில் தண்ணீர் நிற்கும் ஆழம் மட்டும் ஹெட் ஆகிவிடாது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் நீர்மட்டம் கீழே இறங்கும், அந்த இறக்கத்தையும் சேர்க்க வேண்டும். தரையிலிருந்து தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, குழாயின் உள்சுவரில் உரசிச் செல்வதால் எவ்வளவு இழப்பு ஏற்படுகிறது, சொட்டுநீர்க் குழாய்க்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்பவையும் மீட்டர் கணக்கில் அதனுடன் சேரும். சொட்டுநீருக்கு வழக்கமாகத் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஒரு மாவட்டத்தை மதிப்பிடும்போது முதலில் தேட வேண்டிய தகவல் இந்த ஹெட் என்பதே என் கருத்து. வெயில் அளவு அதற்குப் பிறகு வரலாம்.

வெயிலை எதனால் அளப்பது?

வெயில் என்றதும் பலர் வெப்பத்தை நினைக்கிறார்கள். சோலார் தகடு உண்பது ஒளியை, வெப்பத்தை அன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,000 வாட் ஒளி விழும் நிலையை ‘முழு வெயில்’ என்று வைத்துக்கொண்டு, தகடுகளின் திறனை அந்த நிலையிலேயே அளந்து விற்கிறார்கள். காலையிலும் மாலையிலும் ஒளி மங்கியிருக்கும், நண்பகலில் முழுமையை எட்டும். ஒரு நாள் முழுவதும் விழுந்த ஒளியைத் திரட்டி, அது எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று சொல்வதை ‘முழு வெயில் மணி’ என்று இங்கே குறிப்பிடுவோம். பகல் 12 மணி நேரம் நீண்டாலும் முழு வெயில் மணி 5, 5.5 என்ற அளவிலேயே இருப்பது நல்ல வெயில் பகுதிகளில் சாதாரணம்.

வெப்பமோ தகட்டுக்குத் தொல்லை. தகட்டின் சூடு 25 பாகை செல்சியசைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது. கோடை நண்பகலில் தகடு 65 பாகையைத் தொட்டால் 12 முதல் 16 விழுக்காடு வரை இழப்பு. தகட்டின் மேல் படியும் தூசியின் இழப்பு இதற்கு மேல். எனவே ‘எங்கள் ஊரில் அனல் பறக்கிறது’ என்பது சோலாருக்கு ஆதரவான வாதமாகாது.

ஒளி அளவைத் தெரிந்துகொள்வது இன்று கடினமான வேலை இல்லை. உலக வங்கி ஆதரிக்கும் குளோபல் சோலார் அட்லஸ், நாசாவின் பவர் தரவுத்தளம் ஆகியவை செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு எந்த இடத்துக்கும் மாதவாரியான அளவை இலவசமாகத் தருகின்றன. அவற்றைப் பார்க்கும் எவருக்கும் ஒன்று உடனே புலப்படும்: சமவெளியாக உள்ள ஒரு மாவட்டத்துக்குள் வெயில் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஒரு முனையில் 5.2 என்றால் மறுமுனையில் 5.5 இருக்கலாம். அந்த வேறுபாட்டை இரண்டொரு தகடுகளை அதிகம் வைத்துச் சரிசெய்துவிடலாம். நிலத்தடி நீரோ அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு இடையிலேயே 15 மீட்டரிலிருந்து 80 மீட்டருக்கு மாறக்கூடியது. இதனால், மாவட்டத்துக்குள் எந்த இடம் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துக் காட்டும் வலிமை வெயில் வரைபடத்துக்குக் குறைவு. மலைப்பகுதியும் அடிக்கடி மூடுபனி தங்கும் பள்ளத்தாக்கும் இதற்கு விலக்கு.

மங்கிய ஒளியில் பம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒளி பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் அப்படி நடப்பதில்லை. சுழல் சக்கரத்தால் தண்ணீரைத் தள்ளும் சாதாரணப் பம்பில், கிடைக்கும் ஆற்றல் பாதியானால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அது தள்ளக்கூடிய உயரமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். முழு ஆற்றலில் 60 மீட்டர் வரை தள்ளக்கூடிய பம்பு, பாதி ஆற்றலில் சுமார் 38 மீட்டரோடு திணறும். உங்கள் ஹெட் 40 மீட்டர் என்றால், மோட்டார் சுழலும் சத்தம் கேட்கும், குழாயில் தண்ணீர் வராது. ஆழம் கூடக்கூட ஒரு நாளில் உண்மையிலேயே தண்ணீர் விழும் நேரம் சுருங்குவதற்கு இதுவே காரணம்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. இறைப்பின் செலவைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவும் ஹெட்டும். வெயில் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும், ஆனால் எல்லா வெளிச்சமும் தண்ணீராக மாறாது.

பயிர் எவ்வளவு கேட்கிறது?

ஈரத்துணி வெயிலில் காய்வதுபோல மண்ணிலிருந்து நீர் ஆவியாகிறது, இலைகளின் நுண்துளைகள் வழியே பயிரும் நீரை வெளிவிடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்த இழப்பைப் பயிரின் ‘நீர்ப்போக்கு’ என்று அழைப்போம். மழையை அளப்பதுபோலவே இதையும் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு எக்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 50,000 லிட்டர்.

இந்த இழப்பை ஏற்படுத்துவதும் பெரும்பாலும் சூரியன்தான் என்பதில் ஓர் அழகிய பொருத்தம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.68 யூனிட் ஆற்றல் தேவை, 5 மில்லிமீட்டருக்கு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 3.4 யூனிட். அன்று விழுந்த வெயிலில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது. வெயில் கூடும் நாளில் பயிரின் தாகம் கூடுகிறது, அதே நாளில் பம்பும் அதிகம் இறைக்கிறது. மேகமூட்டமான நாளில் இரண்டும் சேர்ந்து குறைகின்றன. மேகம் மூடினால் பயிர் கருகிவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பாதிப் பதில். மறுபாதிப் பதில் வேர்ப்பகுதி மண்ணில் தங்கியிருக்கும் ஈரம். ஒரு லிட்டரை 40 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றலைப் போல் ஏறத்தாழ 6,000 மடங்கு அந்த லிட்டரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒரு எக்டர் வயலின் தாகத்தை ஓர் அறையின் கூரையளவே உள்ள தகடுகள் தீர்க்க முடிவது இதனால்தான்.

ஆனால் இந்தப் பொருத்தம் எல்லா மாதங்களிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பயிர் பூக்கும் காலமும் மங்கலான வானமும் சேர்ந்து வரும் மாதம் இருக்கலாம். ஆகவே ஆண்டுச் சராசரியைப் பார்க்காமல், தேவைக்கும் வெயிலுக்கும் உள்ள விகிதம் எந்த மாதத்தில் மோசமாக இருக்கிறதோ அந்த ‘நெருக்கடி மாத’த்துக்கே அமைப்பைத் திட்டமிட வேண்டும். ஆண்டுச் சராசரியைக் காட்டி ‘போதும்’ என்று சொல்லும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

பயிர் குடிக்கும் தண்ணீரும் நாம் இறைக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. வழியில் கசிவும் ஆவியாதலும் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு பயன்படுத்தும் தோராய அளவுகளின்படி, இறைத்த தண்ணீரில் வாய்க்கால் வழிப் பாசனத்தில் 60 விழுக்காடும், தெளிப்பு நீரில் 75 விழுக்காடும், சொட்டுநீரில் 90 விழுக்காடும் பயிருக்குப் பயன்படுகிறது.

ஒரு முழுக் கணக்கு

மேலே வந்த எண்களை ஒரே வயலில் வைத்துப் பார்ப்போம். ஒரு எக்டர், நாளுக்கு 5 மில்லிமீட்டர் தேவை, தண்ணீர் 20 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, ஓடும்போது மேலும் 5 மீட்டர் இறங்குகிறது, குழாய் இழப்பும் தரைக்கு மேல் உயரமும் சேர்ந்து 5 மீட்டர். ஆக, வாய்க்காலில் விடுவதானால் ஹெட் 30 மீட்டர், சொட்டுநீரென்றால் 40 மீட்டர்.

வாய்க்கால் வழியில் 83,000 லிட்டர் இறைக்க வேண்டும், அதற்கு இழப்பில்லாத கணக்கில் 6.8 யூனிட். சொட்டுநீரில் 55,500 லிட்டர் போதும், ஆனால் அழுத்தத்துக்கான 10 மீட்டர் கூடுவதால் 6.1 யூனிட் தேவை. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலும் மின்சாரத்தில் மிச்சம் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. ‘சொட்டுநீர் போட்டால் தகடு பாதியாகக் குறையும்’ என்ற பேச்சு ஆழம் குறைந்த கிணறுகளில் பொய்த்துப்போவது இதனால்தான்.

பம்பும் மோட்டாரும் 45 விழுக்காட்டுத் திறனுடன் இயங்குகின்றன என்று கொண்டால், சொட்டுநீர் வயலுக்கு நாளுக்கு 13.5 யூனிட் வேண்டும். முழு வெயில் மணி 5.5, சூடு, தூசி, கம்பி ஆகியவற்றால் இழப்பு 25 விழுக்காடு என்றால், ஒவ்வொரு கிலோவாட் தகடும் நாளுக்கு 4.1 யூனிட் தரும். எனவே 3.3 கிலோவாட் தகடு போதும். இப்போது தண்ணீரை மட்டும் 20 மீட்டரிலிருந்து 80 மீட்டருக்கு இறக்கிப் பாருங்கள். ஹெட் 100 மீட்டராகிறது, தகடு 8.2 கிலோவாட் ஆகிறது. அதே வெயில், அதே பயிர், அதே வயல், இரண்டரை மடங்கு முதலீடு. வெயில் 5.5 மணியிலிருந்து 5 மணியாகக் குறைந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு தகடுதான் கூடியிருக்கும்.

கிணற்றில் ஊற்று எப்படி?

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாய் சிறிதாக இருந்தால் வாளி மெதுவாகத்தான் நிறையும். கிணறும் அப்படியே. சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் பாறை வெடிப்பிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் கிணற்றுக்குள் எவ்வளவு வந்து சேருகிறது என்பதே ஊற்று. மின்கம்பியில் இணைந்த பம்பை இரவு பகல் என்று பிரித்து ஓட்டலாம். சோலார் பம்பு சுமார் ஏழு மணி நேரத்துக்குள் அன்றைய வேலை முழுவதையும் முடித்தாக வேண்டும், அதனால் ஊற்றின் வேகம் அதற்கு மிக முக்கியம்.

நமது சொட்டுநீர் வயலுக்கு 55,500 லிட்டரை ஏழு மணி நேரத்தில் எடுப்பதென்றால் மணிக்கு சராசரியாக 8,000 லிட்டர். கிணற்றின் ஊற்று மணிக்கு 4,000 லிட்டர் என்று வையுங்கள். நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் 96,000 லிட்டர் ஊறுகிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் வெயில் இருக்கும் ஏழு மணி நேரத்தில் ஊறுவது 28,000 லிட்டர் மட்டுமே. மீதி 27,500 லிட்டர் முந்தைய இரவிலேயே எங்கோ சேர்ந்திருக்க வேண்டும்.

திறந்த கிணறு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. 6 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒவ்வொரு மீட்டர் ஆழத் தண்ணீரும் சுமார் 28,000 லிட்டர். மேற்சொன்ன குறை ஒரு மீட்டர் இறக்கத்தில் தீர்ந்துவிடும், இரவில் மீண்டும் நிறைந்துவிடும். ஆறரை அங்குல ஆழ்துளைக் கிணற்றில் ஒரு மீட்டருக்கு நிற்பது வெறும் 21 லிட்டர். அதில் ஊற்றைவிட வேகமாக இறைத்தால் சிறிது நேரத்தில் பம்பு காற்றை இழுக்கும். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆழத்தில், ஒரே ஊற்றுடன் இருந்தாலும் திறந்த கிணறு உள்ள ஊரும் ஆழ்துளைக் கிணறு உள்ள ஊரும் வெவ்வேறு பதிலைப் பெறுவதற்கு இதுவே காரணம். ‘கிணறு இருக்கிறதா’ என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்புப் படிவத்தில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

தண்ணீரைச் சேமிப்பதைப் பற்றி ஒரு சொல். மின்கலத்தில் மின்சாரத்தைச் சேர்த்து இரவில் இறைப்பதைவிட, பகலில் இறைத்துத் தொட்டியிலோ குட்டையிலோ நிறுத்துவது பெரும்பாலும் எளிது. தொட்டி பழுதாவது குறைவு, நீண்ட காலம் உழைக்கும். குட்டையில் ஆவியாகும் தண்ணீரையும் கசிவையும் மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தடி நீர் என்ற கூட்டுக் கணக்கு

மூன்றாவது கேள்வியான நிலைத்தன்மைக்கு வருகிறோம். இதுவே எல்லாவற்றிலும் கனமானது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஓர் ஊருக்கே சேர்ந்து ஒரே வங்கிக் கணக்கு இருக்கிறது, எல்லோரும் தத்தம் வீட்டிலிருந்து அதிலிருந்து பணம் எடுக்கலாம், மழை மட்டுமே அதில் பணம் போடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் மழையாலும் ஆறு, ஏரி, வாய்க்கால் கசிவாலும் நிலத்தடிக்குச் சேரும் நீரை ‘நீரூட்டம்’ என்கிறார்கள். எடுப்பது ஊட்டத்தை மீறினால் மட்டம் இறங்கும், ஹெட் கூடும், முதலில் போட்ட தகடு பிறகு போதாமல் போகும். இன்றைக்கு ‘மிகப் பொருத்தம்’ என்று குறிக்கப்பட்ட ஊர், பம்புகள் பெருகியதாலேயே சில ஆண்டுகளில் பொருந்தாத ஊராகிவிடலாம். மதிப்பீட்டையே மாற்றிவிடும் ஆற்றல், மதிப்பிடப்படும் பொருளுக்கு இருக்கிறது.

எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது பாறையைப் பொறுத்தது. நனைந்த மணலிலிருந்து வடியும் தண்ணீர் அதிகம், வெடிப்புவிட்ட கடினப் பாறையிலிருந்து வடிவது மிகக் குறைவு. மணலில் அதன் கன அளவில் சுமார் 20 விழுக்காடு நீர் வடிந்து வரலாம், கடினப் பாறையில் 1 முதல் 3 விழுக்காடு என்பது வழக்கம். நூறு நாள் பயிருக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் 500 மில்லிமீட்டர் எடுக்கிறோம், நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கில் மட்டும் பயிர் என்று வைப்போம். பரப்பு முழுவதற்கும் பரப்பினால் அது 50 மில்லிமீட்டர். நீரூட்டமும், வயலிலிருந்து திரும்பக் கசிவதும் இல்லையென்று கொண்டால், மணற்பாங்கான நிலத்தில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் இறங்கும். கடினப் பாறை நிலத்தில் 1.7 முதல் 5 மீட்டர் வரை இறங்கும். எடுத்த தண்ணீர் இரண்டிலும் ஒன்றே.

டீசல் பம்பில் ஒவ்வொரு மணி நேரமும் காசு கரைவதால், தேவை தீர்ந்ததும் விவசாயி அதை நிறுத்திவிடுவார். சோலார் பம்பில் போட்ட முதல் போட்டதுதான், அதன் பிறகு இறைக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. நிறுத்துவதற்குக் காரணம் இல்லாதபோது கூடுதல் நிலம் பாசனத்துக்கு வரும், தாகம் மிக்க பயிர் வரும், பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விற்பனையும் வரும். இதற்காக விவசாயியைக் குறைசொல்வதில் நியாயமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். இதற்கு ஒரு மாற்று, உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்க வழிசெய்வது. இந்தியாவில் குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016 வாக்கில் சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து இவ்வாறு விற்கத் தொடங்கினர். இறைக்காத தண்ணீருக்கும் வருமானம் உண்டென்றால் பம்பை நிறுத்த ஒரு காரணம் கிடைக்கிறது. மின்கம்பி எட்டாத இடங்களுக்கு இந்த வழி கிடையாது.

சொட்டுநீர் போட்டால் நிலத்தடி நீர் காப்பாற்றப்படும் என்பதையும் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். வாய்க்கால் பாசனத்தில் ‘வீணாகும்’ நீரில் ஒரு பகுதி கசிந்து மீண்டும் நிலத்தடிக்கே போகிறது. மிச்சமான நீரைக்கொண்டு பாசனப் பரப்பை விரிவாக்கினால், மொத்தத்தில் நிலத்தடியிலிருந்து போவது கூடவும் செய்யலாம்.

சுருக்கமாக: ஒரு கிணற்றின் ஊற்று இன்றைய தினத்தைச் சொல்கிறது, அந்தப் பகுதியின் நீரூட்டம் வரும் ஆண்டுகளைச் சொல்கிறது. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருக்கும் ஊர்களில்தான் தவறான முடிவுகள் எளிதில் எடுக்கப்படுகின்றன.

தண்ணீரின் தரம்

நீரில் கரைந்த உப்பை அதன் மின்கடத்தும் திறனை வைத்து அளக்கிறார்கள். உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டலில், ஒரு மீட்டருக்கு 0.7 டெசிசீமென்சுக்குக் கீழ் இருந்தால் பாசனத்துக்குத் தடையில்லை, 3ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு தேவை. உப்புத் தண்ணீரைத் தாராளமாக இறைக்க வசதி செய்துகொடுப்பது வயலில் உப்பைக் கொட்ட வசதி செய்வதாகும். கடலோரத்தில் அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே நகரும் ஆபத்தும் உண்டு. இரும்பு மிகுந்த நீர் சொட்டுவான்களை அடைக்கும்.

எதனுடன் ஒப்பிடுகிறோம்?

பொருத்தம் என்பது எப்போதும் மாற்று வழியோடு ஒப்பிட்டே சொல்லப்படுவது. 1913ஆம் ஆண்டு எகிப்தில் கெய்ரோவுக்கு அருகிலுள்ள மாடி என்ற இடத்தில், ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, நைல் நதி நீரைப் பருத்தி வயல்களுக்கு இறைத்துக் காட்டினார். வெயில் மிகுதி, ஆற்றிலிருந்து எடுப்பதால் ஹெட் குறைவு, வெளியிலிருந்து வரவேண்டிய நிலக்கரி விலை அதிகம் என்ற மூன்றும் அங்கே கூடியிருந்தன. அடுத்த ஆண்டு உலகப் போர் மூண்டது, பிறகு மலிவான எண்ணெய் பரவியது, அந்த முயற்சி கைவிடப்பட்டது. வெயில் மாறவில்லை, ஒப்பீடுதான் மாறிவிட்டது.

இன்றும் அப்படியே. டீசலுக்கு முதலீடு குறைவு, ஓட்டும் செலவு அதிகம். சோலாருக்கு முதலீடு அதிகம், ஓட்டும் செலவு மிகக் குறைவு. எனவே ஆண்டில் எத்தனை நாள் பம்பு ஓடும் என்பதே முடிவைத் திருப்புகிறது. ஆண்டுக்கு 250 நாள் இறைக்கும் காய்கறித் தோட்டத்தில் முதலீடு விரைவாகத் திரும்பும். மழைப் பயிருக்கு இடையில் இருபது நாள் மட்டும் உயிர்த்தண்ணீர் விடும் நிலத்தில், தகடுகள் ஆண்டின் பெரும்பகுதியைச் சும்மா கழிக்கும். அத்தகைய இடங்களில் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் பம்போ, வண்டியில் வைத்து நகர்த்தும் பம்போ பொருந்தலாம். நம்பகமான மின் இணைப்பு ஏற்கெனவே உள்ள ஊரில் சோலார் எதை மேம்படுத்துகிறது என்று தனியே காட்ட வேண்டும்.

பழுது பார்ப்பதையும் இதே தராசில் வைக்க வேண்டும். தகடுகள் 25 ஆண்டு உழைக்கும். மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கன்ட்ரோலரும் பம்பும் அதற்கு முன்பே மாற்றவோ சரிசெய்யவோ வேண்டிவரும். பூக்கும் நேரத்தில் பம்பு நின்று, சரிசெய்ய ஆள் வருவதற்கு மூன்று வாரம் ஆனால், அந்த ஆண்டின் விளைச்சல் போனதுதான். அருகில் மெக்கானிக்கும் உதிரிபாகமும் உண்டா என்ற கேள்வியைத் தொழில்நுட்ப அறிக்கையின் பின்னிணைப்பில் ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்விகளை ஒன்று சேர்ப்பது

இவற்றையெல்லாம் மாவட்ட அளவில் சேர்க்க, வழக்கமாக வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் எத்தியோப்பியாவுக்காகச் செய்த பணியில் வெயில், நிலத்தின் சாய்வு, நிலத்தடி நீரின் ஆழம், ஆறு போன்ற மேற்பரப்பு நீருக்கு உள்ள தொலைவு, சாலை வசதி ஆகியவை இவ்வாறு அடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, முக்கியத்துவத்துக்கேற்ப எடை வைத்துக் கூட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மொத்த மதிப்பெண் வரும்.

கூட்டல் ஒரு பொறி. ஐந்து பாடங்களில் நான்கில் நூறும் ஒன்றில் சுழியமும் வாங்கிய மாணவருக்குச் சராசரி 80 வரும், ஆனால் அவர் தேர்ச்சி பெற்றவராகமாட்டார். வெயில், சாலை, சமநிலம், சந்தை ஆகிய நான்கிலும் நூறு வாங்கி, நீரூட்டத்தில் சுழியம் வாங்கும் ஊரும் வரைபடத்தில் அழகாகப் பச்சை நிறத்தில் தெரியும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நீரூட்டத்தை மீறி எடுக்கும் பகுதி, உப்பு மிகுந்த பகுதி, ஊற்றே போதாத பகுதி ஆகியவற்றைத் தேர்ச்சி பெறாதவையாக முதலிலேயே நீக்கிவிட வேண்டும். எஞ்சியவற்றை மட்டும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும். வரைபடம் முடிந்ததும் சில ஊர்களுக்கு நேரில் சென்று, கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்து, இறைத்து நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் மட்டம் மீள்கிறது என்று அளக்க வேண்டும். காகிதத்தில் 18 மீட்டர் என்றிருப்பது கோடையில் 31 மீட்டராக இருக்கலாம்.

எத்தனை பம்பு என்பதும் பதிலின் ஒரு பகுதியே. ஒரு பகுதியில் ஆண்டுக்கு மேலும் 20 லட்சம் கன மீட்டர் எடுக்க நீரூட்டம் இடம் கொடுக்கிறது, ஒரு பம்பு ஆண்டுக்கு 10,000 கன மீட்டர் எடுக்கும் என்றால், அங்கே 200 பம்புக்குத்தான் இடம். இருநூற்றோராவது பம்பு வைக்கும் வயல் வெயிலிலும் மண்ணிலும் முதல் வயலைப் போலவே இருக்கும், ஆனால் அதன் பதில் வேறு. பழைய டீசல் பம்புக்கு மாற்றாக வருவதா, புதிதாகக் கூடுவதா என்பதையும் இந்தக் கணக்கில் பிரித்துக் காட்ட வேண்டும். மாற்றாக வருவது இறைக்கும் அளவைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வழியிருக்கிறது, புதிதாக வருவது நிச்சயம் கூட்டும்.

பயன்படுத்தத்தக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று ஏறத்தாழ இப்படி இருக்கும்: “இந்த வட்டத்தில், ஹெட் 45 மீட்டருக்குள் உள்ள திறந்த கிணறுகளில், சொட்டுநீர்ப் பயிருக்கு, மொத்தம் இத்தனை பம்புகள் வரை பொருந்தும். மழைக்கு முன்பும் பின்பும் இந்தப் பன்னிரண்டு கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் அளக்கப்படும். மழைக்குப் பிந்தைய மட்டம் தொடர்ந்து மூன்று ஆண்டு இறங்கினால் புதிய பம்புக்கு அனுமதி நிறுத்தப்பட்டு, கணக்கு மீண்டும் முதலிலிருந்து போடப்படும்.”